கண் காணும் கணக்கு

கொல்லிமலை என்றதும் கற்றவர் நெஞ்சில் முதலில் தோன்றுபவன் வல்வில் ஓரி. ஒரே அம்பினால் யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஆகிய ஐந்தையும் வீழ்த்திய அவனுடைய வில்லாண்மையை வன்பரணர் பாடினார்; புறநானூற்றின் 152ஆம் பாட்டு அது. அப்பாட்டை எண்ணும்பொழுதெல்லாம் கணக்காசிரியனாகிய எனக்கு ஒரு குறும்பு தோன்றுவதுண்டு. "ஓர் அம்புக்கு ஐந்து விலங்கு வீழுமாயின் ஏழு அம்புக்கு எத்தனை வீழும்?" என்று வகுப்பில் வினவினால், பெரும்பாலோர் தயங்காமல் முப்பத்தைந்து என்பர். "அஃது ஒருநாள் நிகழ்ந்த வியப்பாயிற்றே, ஒவ்வோர் அம்புக்கும் அவ்வாறே நிகழும் என்று யார் சொன்னார்?" எனத் திருப்பிக் கேட்ட மாணவர் என் பணிக்காலத்தில் மிகச் சிலரே. பெருக்கல் என்பது ஒரே அளவுள்ள கூறுகள் பல ஒன்றுசேர்வது. கூறுகள் ஒரே அளவினவா என்று பார்க்கும் கண் இல்லாதவனுக்கு வாய்பாடு முழுவதும் மனப்பாடமாயிருந்தும் பயன் குறைவு.

இன்று நான் பேச எடுத்துக்கொண்டது அந்தக் கண்ணின் வரலாறு. சொற்களால் அமைந்த பெருக்கல், வகுத்தல் கணக்குகளைப் பொருளாலும் படத்தாலும் காட்டிக் கற்பிக்கும் முறை நம் நாட்டில் எவ்வாறு இருந்தது, எவ்வாறு தேய்ந்தது, எவ்வழியாக மீண்டும் வந்தது என்பதைச் சொல்ல விரும்புகிறேன். வானொலியில் படம் வரைய இயலாது. ஆகவே மாணவ நேயர்கள் ஒரு தாளையும் எழுதுகோலையும் அருகில் வைத்துக்கொண்டால் நலம். இல்லையேல் மனமே பலகையாகட்டும்.

கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியாகிய கொல்லிமலை, 1997ஆம் ஆண்டு முதல் நாமக்கல் மாவட்டத்தில் அடங்கியது. அதற்கு முன் சேலம் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. காரவள்ளியிலிருந்து ஏறும் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. ஏறி முடித்தால் மேடும் பள்ளமுமாக ஒரு தனி உலகம். அங்குள்ள ஊராட்சிகள் 14. வளப்பூர் நாடு, அரியூர் நாடு, தேவனூர் நாடு, குண்டூர் நாடு என அவற்றுள் பல நாடென்றே பெயர் பெற்றவை. வாழ்பவர் மலையாளி என்னும் பழங்குடி மக்கள். பெயரைக் கேட்டு அவர்களைக் கேரளத்தோடு இணைத்துவிட வேண்டா; அவர்கள் பேசுவது தமிழே. சாமையும் தினையும் கேழ்வரகும் விளைந்த நிலத்தில் இப்பொழுது பெரும்பகுதியை மரவள்ளி பற்றிக்கொண்டது. பலாவும் வாழையும் அன்னாசியும் மிளகும் சந்தைக்கு வருகின்றன.

அம்மலையின் சந்தைகளில் தந்தையோடு நிற்கும் சிறுவர்களை நான் பலமுறை கவனித்ததுண்டு. ஒரு பழத்துக்கு இன்ன விலை என்றால் எட்டுப் பழத்துக்கு என்ன என்பதை அவர்கள் வியாபாரிக்கு முன்பே சொல்லிவிடுவார்கள். அதே சிறுவன் பள்ளியில் அச்சிட்ட கணக்கைக் கண்டதும் திகைக்கிறான். தடை எண்களில் இல்லை, சொற்களில் இருக்கிறது. "வீதம்", "தலா", "மடங்கு", "ஒவ்வொரு" என்பவை அவன் வீட்டில் அப்படியே வழங்கும் சொற்கள் அல்ல. அவற்றைக் கண்டதும் பெருக்குவதா வகுப்பதா என்று ஊகிக்கத் தொடங்குகிறான். ஊகம் தவறினால், தனக்குக் கணக்கு வராது என்று பத்து வயதிலேயே முடிவு கட்டிவிடுகிறான். குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கு வந்த பிள்ளைக்கு அம்முடிவு மிகவும் விலை உயர்ந்தது. அவன் விட்டுச் செல்வது ஒரு பாடத்தை மட்டுமன்று. பல வேளைகளில் பள்ளியையே விட்டுச் செல்கிறான்.

இதோ மூன்று கணக்குகள். மூன்று மூட்டைச் சாமை. ஒவ்வொரு மூட்டையிலும் 24 படி. மொத்தம் எத்தனை படி? இது முதற்கணக்கு. 72 படிச் சாமையை மூன்று மூட்டைகளில் சமமாகக் கட்டினால் ஒவ்வொரு மூட்டையிலும் எத்தனை படி? இது இரண்டாவது. 72 படிச் சாமையை ஒவ்வொரு மூட்டையிலும் 24 படியாகக் கட்டினால் எத்தனை மூட்டை? இது மூன்றாவது. "ஒவ்வொரு" என்னும் சொல் மூன்றிலும் வருகிறது. ஆகவே "இந்தச் சொல் வந்தால் பெருக்கு, அந்தச் சொல் வந்தால் வகு" என்று கற்பிக்கும் குறுக்குவழி இங்கே கவிழ்ந்துவிடும். இப்பொழுது தாளில் நீண்ட பட்டை ஒன்று வரையுங்கள். அதை மூன்று சம கட்டங்களாக்குங்கள். ஒவ்வொரு கட்டத்துள்ளும் 24 என்றும், பட்டையின் மேலே 72 என்றும் எழுதுங்கள். மூன்று கணக்குக்கும் இந்த ஒரே படம் போதும். மேலே உள்ளது தெரியாவிட்டால் பெருக்கல். கட்டத்துள் இருப்பது தெரியாவிட்டால் பங்கிடும் வகுத்தல். கட்டங்களின் தொகை தெரியாவிட்டால் அளந்தெடுக்கும் வகுத்தல். வகுத்தலுக்கு இவ்வாறு இரண்டு முகம் உண்டு என்பதைப் பட்டம் பெற்றவர் பலரும் எண்ணிப் பார்த்ததில்லை.

பழைய தமிழ்நாட்டில் இப்படத்தை யாரும் வரையவில்லை. வரைய வேண்டிய தேவையும் மிகுதியாக இல்லை. படம் கைக்குள்ளேயே இருந்தது. முகத்தலளவையைப் பாருங்கள். இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு. இரண்டு உழக்கு ஓர் உரி. இரண்டு உரி ஒரு நாழி. எட்டு நாழி ஒரு குறுணி. இரண்டு குறுணி ஒரு பதக்கு. இரண்டு பதக்கு ஒரு தூணி. மூன்று தூணி ஒரு கலம். ஆகவே ஒரு கலத்துக்கு 96 நாழி. இவற்றுட் பலவற்றுக்கு மரத்தாலோ உலோகத்தாலோ ஆன ஏனம் வீட்டில் இருந்தது. உரியை நாழிக்குள் இருமுறை கவிழ்த்துப் பார்த்த குழந்தைக்கு அரை என்பதும் இரட்டிப்பு என்பதும் சொல்லித் தெரிய வேண்டியவை அல்ல. களத்து மேட்டில் நெல்லை அளந்து கூலி கொடுப்பது அளந்தெடுக்கும் வகுத்தல்; அறுத்த கதிரை ஆளுக்கு இத்தனை கட்டு என்று போடுவது பங்கிடும் வகுத்தல். இரண்டும் கண் முன் நடந்தன.

நில அளவையிலும் அவ்வாறே. ஒரு கோல் நீளமும் ஒரு கோல் அகலமும் உள்ள நிலம் ஒரு குழி. நிலத்தை அளப்பதற்கென்றே குழிமாற்று என்னும் வாய்பாட்டைத் திண்ணைப் பள்ளிகளில் ஓதுவித்தனர். பன்னிரண்டு கோல் சதுரம் 144 குழி என்று பிள்ளை ஒப்பித்தான். அந்நிலத்தைப் பத்துக் கோலும் இரண்டு கோலுமாக நெடுக்கிலும் குறுக்கிலும் வரப்பிட்டுப் பாருங்கள். நூறு குழியுள்ள பெரிய செய் ஒன்று, இருபது குழியுள்ள நீண்ட துண்டுகள் இரண்டு, மூலையில் நாலு குழியுள்ள சிறு துண்டு ஒன்று. கூட்டினால் 144. ஈரிலக்கப் பெருக்கலுக்கு இன்றைய ஆசிரியர்கள் கரும்பலகையில் வரையும் பரப்புப் படம் இதுவே.

ஆயினும் அக்காலப் பள்ளியைப் பொற்காலமாகப் புனைந்துரைக்க நான் விரும்பவில்லை. 1826இல் சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ எழுதிய குறிப்பின்படி மாகாணத்தில் 12,498 பள்ளிகள் இருந்தன. அவற்றின் உள்ளே பிள்ளைகள் மணலில் விரலால் எழுதினர். எண்சுவடியைக் குரலெடுத்து ஒப்பித்தனர். மணலில் எழுதும் அம்முறையைக் கண்ட ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார், 1789 முதல் தாம் நடத்திய எழும்பூர் ஆண் அனாதை விடுதிப் பள்ளியில் அதைக் கைக்கொண்டார். 1797இல் இலண்டனில் அதைப் பற்றி நூலும் வெளியிட்டார். சட்டாம்பிள்ளை முறையோடு கூடிய அது "சென்னை முறை" என்ற பெயரில் இங்கிலாந்தில் பரவியது. நம் ஊர் மணல் அங்கே பாடமாயிற்று. இங்கோ எண்சுவடியின் நினைவாற்றல் வியக்கத்தக்கதாய் இருந்தபோதிலும், ஏன் என்று கேட்கும் இடம் அதில் குறைவு. பள்ளியிற் பயின்ற எண்ணுக்கு உயிர் கொடுத்தவை களமும் வயலும் கடையும்.

இதற்கு நல்ல எடுத்துக்காட்டு காரி நாயனார் இயற்றிய கணக்கதிகாரம். ஏட்டுச் சுவடிகளில் வழங்கிய இந்நூலைத் தஞ்சைச் சரசுவதி மகால் நூலகம் அச்சிட்டுள்ளது. அதில் பலாப்பழத்தைப் பிளக்காமலே சுளை எத்தனை என்று அறிய ஒரு விதி வருகிறது. காம்பைச் சுற்றியுள்ள சிறு முள்ளை எண்ணி ஆறால் பெருக்கி ஐந்தால் வகுக்க வேண்டும். நூறு முள்ளானால் நூற்றிருபது சுளை. பூசணிக்காய்க்கும் ஒரு விதி உண்டு. கீற்றுகளை எண்ணி மூன்றாலும் ஆறாலும் ஐந்தாலும் பெருக்கி, வந்ததில் பாதியைத் தள்ளி, மூன்றால் வகுத்தால் விதையின் தொகை வருமாம். மாணவர்களே, இதைச் சற்றுச் சுருக்கிப் பாருங்கள். மூன்றும் ஆறும் ஐந்தும் பெருகித் தொண்ணூறு, பாதி நாற்பத்தைந்து, மூன்றில் ஒன்று பதினைந்து. அவ்வளவு சுற்றும் சொல்லும் செய்தி ஒன்றே: கீற்றுக்குப் பதினைந்து விதை. ஆறு கீற்றுள்ள காய்க்கு 90 விதை. பூசணிக்காயே ஆறு கட்டமுள்ள பட்டையாக உங்கள் முன் இருக்கிறது! பாட்டை மட்டும் ஒப்பித்தவன் ஐந்து செயல்களைச் செய்து விடைக்கு வருவான். காயைப் பார்த்தவன் ஒரே பெருக்கலில் வந்துவிடுவான். இயற்கை இவ்விதிக்கு எவ்வளவு கட்டுப்படும் என்பது வேறு வினா. பலாவுக்குப் பேர்போன கொல்லிமலைப் பள்ளிகளில் அதைச் சோதித்துப் பார்ப்பது நல்ல பாடமாகும். பாடம் முடிந்ததும் சுளையும் மிஞ்சும்.

பல்லாங்குழியையும் இங்கே சொல்ல வேண்டும். இரண்டு வரிசை, வரிசைக்கு ஏழு குழி. குழிக்கு ஐந்து புளியங்கொட்டை இட்டு ஆடும் முறையில் மொத்தம் எழுபது கொட்டை, கொல்லிமலைப் பாதையின் வளைவுகளைப் போல. ஒரு குழியை அள்ளி ஒவ்வொன்றாக விதைத்துச் செல்லும் சிறுமி எத்தனை குழிவரை கை செல்லும் என்பதை அள்ளுமுன்பே அறிவாள். அவளைப் பள்ளியில் உட்காரவைத்து, கொட்டையைப் பிடுங்கிக்கொண்டு, எழுபதை ஐந்தால் வகு என்றோம். அங்கேதான் இழை அறுந்தது என்பது என் கருத்து.

அறுந்ததற்குக் காரணங்கள் பல. அச்சிட்ட பாடநூலும் எழுத்துத் தேர்வும் கணக்கைத் தாளுக்குக் கொண்டுவந்தன. பின்னர் 1957 ஏப்ரல் முதல் நாள் பதினாறு அணா ரூபாய் போய் நூறு நயா பைசா ரூபாய் வந்தது. அடுத்த சில ஆண்டுகளில் படியும் மரக்காலும் சட்டப்படி விலகி லிட்டரும் கிலோகிராமும் வந்தன. பத்தடிமான முறை கணக்கை எளிதாக்கியது. அதை நான் குறை கூற மாட்டேன். மாகாணியும் அரைக்காலும் ஒப்பித்துக் களைத்த தலைமுறை அதற்கு நன்றி சொல்லும். ஆனால் பழைய ஏனங்களோடு அவை காட்டிய படமும் வீட்டைவிட்டுப் போயிற்று. அதன் இடத்தில் வேறு படம் ஒன்றைப் பள்ளி வைத்திருக்க வேண்டும், வைக்கவில்லை.

அதற்கு முன்பே, அத்தகைய படம் சென்னைக்குக் கப்பலேறி வந்திருந்தது என்பது ஒரு வியப்பு. இத்தாலியக் கல்வியறிஞர் மரியா மாண்டிசோரி அம்மையார் 1939இல் அடையாற்றுப் பிரம்மஞான சபையின் அழைப்பின்பேரில் இங்கே வந்தார். உலகப்போர் மூண்டிருந்ததால், இத்தாலியர் என்ற காரணத்தால், அவர் நாடு திரும்ப இயலவில்லை. 1942 முதல் 1944 வரை கொடைக்கானலில் தங்கியிருந்தார். அவருடைய மணிகள் புகழ்பெற்றவை. பத்து மணி கோத்த கம்பி பத்து. பத்துக் கம்பி சேர்ந்த சதுரம் நூறு. பத்துச் சதுரம் அடுக்கிய கனம் ஆயிரம். நான்கு மணிக் கம்பி மூன்றை அடுக்கினால் பன்னிரண்டு. மூன்று மணிக் கம்பி நான்கை அடுக்கினாலும் அதே பன்னிரண்டு. வகுத்தலுக்கு மனிதரைப் போன்ற சிறு மரப்பாவைகளை வரிசையாக நிறுத்தி, ஆளுக்கு ஒரு மணியாகக் குழந்தை பங்கிடும். ஒரு பாவைக்குக் கிடைத்ததே விடை. எத்துணை நேர்மையான வகுத்தல்! ஆனால் அம்மணிகளின் விலை அவற்றைப் பெரும்பாலும் செல்வர் வீட்டுப் பிள்ளைகளோடு நிறுத்திவிட்டது. புளியங்கொட்டைக்கு விலையில்லை என்பதை நாம் நினைக்கவில்லை.

பொருளிலிருந்து எண்ணுக்குத் தாவும் இடைவெளியில் படம் ஒரு பாலம் என்பதை அமெரிக்க உளநூலறிஞர் ஜெரோம் புரூனர் 1966இல் வெளியிட்ட நூலில் தெளிவுபடுத்தினார். கையால் செய்தல், உருவால் காணல், குறியால் எழுதல் என்பன அவர் கூறிய மூன்று நிலைகள். அக்கருத்தை ஒரு நாடு முழுவதற்கும் பாடத்திட்டமாக்கியது சிங்கப்பூர். சீனரும் மலாயரும் தமிழரும் கலந்து வாழும் அத்தீவில், 1980ஐ ஒட்டிய ஆண்டுகளில் பெரும்பாலான குழந்தைகள் வீட்டில் ஆங்கிலம் பேசுவதில்லை. பள்ளியிலோ கணக்கை ஆங்கிலத்தில் படித்தனர். சொற்கணக்கில் பலர் இடறினர். கோ தெக் ஹோங் என்பவரின் தலைமையில் அமைந்த பாடத்திட்டக் குழு, நான் முன்பு உங்களை வரையச் சொன்ன பட்டைப் படத்தை 1983 முதல் தொடக்கப் பள்ளிகளில் புகுத்தியது. 1995இல் நடந்த பன்னாட்டுக் கணித ஆய்வில் சிங்கப்பூர் மாணவர் முதலிடம் பெற்றனர். படம் ஒன்றே அதற்குக் காரணம் என்று கூறுவது மிகை; பயிற்சி பெற்ற ஆசிரியரும் நல்ல பாடநூலும் சேர்ந்தே அதைச் செய்தன. ஆயினும் மொழி தடுத்த இடத்தில் கட்டம் கைகொடுத்தது என்பதில் எனக்கு ஐயமில்லை.

தமிழ்நாட்டில் 2003இல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கி, பின்னர் மாநிலம் முழுவதும் பரவியது. பிள்ளைகள் தரையில் வட்டமாக அமர்ந்து அட்டைகளையும் மணிகளையும் கையாண்டனர். 2022 ஜூன் மாதம் எண்ணும் எழுத்தும் திட்டம் தொடங்கப்பட்டது. இரண்டும் நல்ல முயற்சிகள். ஆனால் பொருள் வந்துவிட்டால் கண் வந்துவிடும் என்று எண்ணக் கூடாது. நான் சென்ற ஒரு பள்ளியில் மணிகள் புத்தம்புதியனவாகப் பெட்டியிலேயே இருந்தன. தொலைந்தால் கணக்குக் காட்ட வேண்டும் என்ற அச்சம்.

மலைமேல் உள்ள ஓர் உண்டு உறைவிடப் பள்ளியில் ஐந்தாம் வகுப்போடு ஒரு முற்பகல் இருந்தேன். நான் கொடுத்த கணக்கு இது: அக்காள் பறித்த மிளகு தங்கை பறித்ததைப்போல் மூன்று மடங்கு, இருவரும் சேர்ந்து 72 படி, தங்கை பறித்தது எவ்வளவு? வகுப்பு ஒருமித்து 24 என்றது. மூன்று மடங்கு என்ற சொல் அவர்களை 72ஐ மூன்றால் வகுக்கச் செய்துவிட்டது. பதில் சரியா தவறா என்று நான் சொல்லவில்லை. முன் வரிசையில் இருந்த ஒரு சிறுமியிடம் சுண்ணக்கட்டியைக் கொடுத்து, "கண்ணு, தங்கைக்கு ஒரு கட்டம் தரையில் போடு, அக்காளுக்கு எத்தனை கட்டமோ அதையும் அதன் கீழே போடு" என்றேன்.

அவள் தங்கைக்கு ஒன்றும் அக்காளுக்கு மூன்றும் போட்டாள். எழுந்து நின்று பார்த்தாள். "ஐயா, கட்டம் நாலுல்ல இருக்குது!" என்றாள். பின்னால் இருந்த பையன் ஒருவன், "அப்போ பதினெட்டு" என்று கூவினான். 18, 54 என்று அவள் கட்டங்களின்மேல் எழுதிக் கூட்டிப் பார்த்து, 72 வந்ததும் அமர்ந்தாள்.

அடுத்து, 70 பிள்ளைகள் சுற்றுலா செல்ல, வண்டிக்கு 12 பேர் என்றால் எத்தனை வண்டி வேண்டும் என்றேன். பன்னிரண்டு பன்னிரண்டாக ஐந்து கட்டம் போட்டு, மிஞ்சிய பத்துப் பேருக்கு ஆறாவதாக ஒரு கட்டம் போட்டாள். ஐந்து என்று சொல்லியிருந்த இருவர் தம் பலகையைத் துடைத்துக்கொண்டனர். மூன்றாவது கணக்குக்கும் கட்டம் வந்தது, முன்னையினும் சிறியதாய், அவசரமாய். நான்காவது, அண்ணன் வைத்திருப்பது தம்பியைப்போல் நான்கு மடங்கு, இருவரிடமும் சேர்ந்து 60 பலாக்கொட்டை என்பது. அவள் சுண்ணக்கட்டியை எடுத்தாள், தரையைப் பார்த்தாள், ஒரு கோடும் போடாமல் கீழே வைத்துவிட்டு, "தம்பிக்குப் பன்னிரண்டு, ஐயா" என்றாள்.